தலை குனிந்த காந்தள்

நான் எடுத்த முதல் செம்பருத்திப் படத்தைப் பார்த்துவிட்டு, இருபது மாணவர்களில் ஒன்பது பேர் 'இலை' என்று எழுதினார்கள். நான்கு பேர் 'கிழிந்த குடை' என்றார்கள். ஒருவர் 'மேகம்' என்று எழுதிப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருந்தார். நான்கு சீட்டுகள் காலி. 'செம்பருத்தி' என்று எழுதியவர்கள் இரண்டே பேர். அந்த இருவரும் இரக்கப்பட்டு எழுதினார்களோ என்ற சந்தேகம் எனக்கு இன்னும் உண்டு.

புதிதாகக் கேமராவைத் தோளில் மாட்டியிருக்கும் நீங்கள், பார்க்க வரும்போதெல்லாம் "உங்க நல்ல படத்தக் காட்டுங்க சார்" என்கிறீர்கள். நல்ல படத்தைப் பார்த்து என்ன கற்றுக்கொள்ள முடியும்? அது எப்படி வந்தது என்பது பல நேரம் எடுத்தவனுக்கே தெரியாது. கெட்ட படம் எப்படி வந்தது என்பதை நான் தேதி, நேரத்தோடு எழுதி வைத்திருக்கிறேன். அதிலிருந்து சொல்கிறேன்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருபத்திரண்டு வருடம் ஸ்டூடியோ வைத்திருந்தேன். கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் படம் எல்லாம் எடுத்து 2012இல் கடையை ஒப்படைத்துவிட்டு ஓய்ந்தேன். பூப்படம் என் தொழிலே அல்ல. 2007 தை மாதம் சிதம்பரத்தில் உள்ள ஒரு கல்லூரியின் தாவரவியல் பேராசிரியை என்னைத் தேடி வந்தார். என்னைவிட நான்கு வயது இளையவர். கேமராவைக் கையால் தொட்டதில்லை என்று வந்தவுடனே சொல்லிவிட்டார். இந்தப் பக்கத்துச் செடிகள் நாற்பத்தெட்டைப் பற்றி ஒரு கைப்புத்தகம் எழுதியிருந்தார். மாணவர்கள் மார்கழியில் வெளியே போய்ச் செடி தேடும்போது கையில் வைத்துக்கொள்வதற்கானது. அச்சகத்தில் ஒரே நிற இயந்திரம்தான். எனவே படமெல்லாம் கருப்பு வெள்ளை.

"நெறம் இல்லாம பூவ எப்பிடி மேடம் அடையாளம் காட்டுறது?" என்றேன்.

"அதுக்குத்தான் உங்ககிட்ட வந்திருக்கேன்" என்றார்.

அவருடைய பரிசோதனை முறை இதுதான். ஒவ்வொரு புதன்கிழமையும் மூன்றரை மணிக்கு நான் எடுத்த படங்களைப் பெரிய அளவில் கொண்டுபோய், ஒவ்வொன்றாகக் கரும்பலகையில் குத்துவேன். முதலாமாண்டு மாணவர்கள் இருபது பேர் ஆளுக்கொரு சீட்டில் பூவின் பெயரை எழுத வேண்டும். பதினான்கு பேர் சரியாக எழுதினால் படம் புத்தகத்துக்குள் போகும். ஒன்று குறைந்தாலும் போகாது. அவர்கள் எழுதி முடிக்கும்வரை நான் வாய் திறக்கக் கூடாது.

செம்பருத்தியன்று நான் வாய் திறந்தேன். "அது வந்து மேடம், அன்னைக்கு வெயில் கொஞ்சம்..." என்று ஆரம்பித்தேன்.

"பேசாதீங்க சார். இந்தப் புத்தகத்த வெச்சிருக்கறவங்க பின்னாடியெல்லாம் நீங்க போயி வெயில் கதை சொல்லப் போறீங்களா?"

வகுப்பு முழுதும் சிரித்தது. நானும் சிரித்தேன், வேறு வழியில்லை.

பஸ்ஸில் திரும்பும்போது படத்தை மடியில் வைத்துப் பார்த்தேன். இரண்டு தப்பு. நல்ல சிவப்பும் நல்ல பச்சையும் கருப்பு வெள்ளையில் ஏறக்குறைய ஒரே சாம்பல். பூவும் இலையும் ஒன்றோடொன்று கரைந்து கிடந்தன. அது ஃபிலிமின் குணம். இன்னொரு தப்பு என் குணம். பதினேழு வருடமாக மணமக்களை நேருக்கு நேர் நிறுத்தி எடுத்தவன், செம்பருத்தியையும் நேருக்கு நேர் நிறுத்திவிட்டேன். பூவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அந்தத் தண்டு கேமராவைப் பார்த்து நீட்டி, படத்தில் ஒரு புள்ளியாகிப் போனது. பக்கவாட்டிலிருந்து எடுத்திருந்தால் சின்னக் குழந்தைகூடச் சொல்லியிருக்கும்.

அடுத்தது நந்தியாவட்டை. வெள்ளைப் பூ, சுலபம் என்று நினைத்து நடுப்பகலில் எடுத்தேன். வந்த பதில்களில் 'பஞ்சு', 'அப்பளம்' இரண்டும் எனக்கு மறக்காது. வெயிலில் இதழின் வெள்ளை அப்படியே வெந்து, காற்றாடி போலத் திரும்பியிருக்கும் அதன் மடிப்பெல்லாம் காணாமல் போயிருந்தது.

அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். காலை ஆறே முக்காலிலிருந்து ஏழேகால்வரை, வீட்டு வாசலில் இருந்த அதே நந்தியாவட்டைச் செடியில் ஒரே ஒரு பூ. நான்கு பக்கமும் சுற்றி வந்து, கண்ணைப் பாதி மூடிப் பார்ப்பேன். அப்படிப் பார்த்தால் நிறம் கொஞ்சம் அடங்கி, வெளிச்சமும் நிழலும் தனியாகத் தெரியும். பெரும்பாலான நாள் கேமராவைக்கூட எடுக்க மாட்டேன். என் மனைவி கோலப்பொடி டப்பாவோடு நின்று, "தூங்கறதுன்னா உள்ள போயித் தூங்குங்களேன், ரோட்டுல போறவங்க பாக்கறாங்க" என்பாள். பதினோராம் நாள் எடுத்த படத்துக்குப் பதினெட்டு சீட்டு சரி. எடுப்பதைவிடப் பார்ப்பதற்குத்தான் பயிற்சி வேண்டும் என்று எனக்குப் புரிய அந்தப் பதினோரு நாள் ஆயிற்று.

இப்படியே புதன் புதனாக நகர்ந்தது. தாமரை முதல் முறையிலேயே தேறியது. எருக்கம்பூ ஐந்து முறை தோற்று ஆறாவது முறை தேறியது. விமர்சனம் கேட்டுக் கேட்டு எனக்குத் தோல் தடித்துவிட்டது. சீட்டைப் பிரிக்கும்போது நானே முதலில் சிரிக்க ஆரம்பித்தேன். ஐப்பசி பிறந்தபோது நாற்பத்தேழு பூக்கள் முடிந்திருந்தன. மிச்சம் ஒன்று, செங்காந்தள்.

அதைக் கடைசிக்குத் தள்ளியதற்குக் காரணம், அது மழை பிடித்த பிறகுதான் பூக்கும். அதைத்தான் முக்கியமாக நினைத்ததற்குக் காரணம், அதன் கிழங்கு. கண்வலிக்கிழங்கு என்று ஊரில் சொல்வார்கள். பார்க்கச் சாப்பிடும் கிழங்கு மாதிரி இருக்கும், ஆனால் நல்ல விஷம்.

"மத்த நாப்பத்தேழும் தப்பானா மார்க்குதான் போவும் சார்" என்றார் பேராசிரியை. "இது தப்பானா கெழங்கு வயித்துக்குள்ள போயிடும். இந்தப் பக்கத்த மட்டும் படம் இல்லாம விட முடியாது."

அச்சகத்தில் எங்களுக்குக் கிடைத்த நாள் ஒரு சனிக்கிழமை. அது தவறினால் காலண்டர், டைரி வேலை வந்து நிரம்பிவிடும். பிறகு தை வரை இயந்திரம் காலியில்லை. அதற்குள் மார்கழி போய்விடும்.

என் மனைவியின் தம்பிக்குப் புவனகிரிக்குப் பக்கத்தில் நெல்லும் கரும்பும். அவன் கொல்லை வேலியில் காந்தள் படர்ந்திருந்தது. மூன்று நாள் விடாத மழைக்குப் பிறகு அந்த வாரச் செவ்வாய்க்கிழமை பிற்பகல் ஒரு மணி நேரம் வானம் விட்டது. ஓடினேன். வேலியில் நன்றாகப் பூத்தவையெல்லாம் மழையில் நைந்து கிடந்தன. அன்றைக்குப் பாதி விரிந்த இளம்பூ ஒன்று மட்டும் புத்தம் புதிதாக இருந்தது. இன்னும் பச்சை மாறாத பூ. முகத்தைத் தரையைப் பார்த்துக் கவிழ்த்துக்கொண்டு தொங்கியது.

அங்கேதான் என் பழைய தொழில் என்னைப் பிடித்துக்கொண்டது. தலை குனிந்த மணப்பெண்ணைப் பார்த்தால் என் வாய் தானாகச் சொல்லும், "முகத்தக் கொஞ்சம் தூக்கும்மா" என்று. பையில் எப்போதும் வெள்ளை நூல் வைத்திருப்பேன். பூவின் காம்பை மெல்ல நிமிர்த்தி, மேலே இருந்த குச்சியில் கட்டினேன். இதழ்கள் ஆறும் வானத்தைப் பார்த்துத் தீச்சுடர் மாதிரி நின்றன. பச்சைதான் என்றாலும், கருப்பு வெள்ளையில் யாருக்குத் தெரியப் போகிறது? எடுத்தேன். அந்த வருடத்தில் நான் எடுத்ததிலேயே அழகான படம் அதுதான்.

புதன்கிழமை பேராசிரியை சென்னைக்கு ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். லால்பேட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் வகுப்புத் தலைவி சீட்டுகளை வாங்கி எண்ணினாள். பத்து மாதத்தில் ஒருமுறைகூட வராத எண்ணிக்கை அன்று வந்தது. இருபதுக்கு இருபது.

போனில் சொன்னேன். "அடேயப்பா!" என்றார். "அப்ப நான் பாக்கவே வேணாம் சார். நேரா பிரஸ்ல குடுத்துடுங்க."

"சரி மேடம்" என்றேன். நூல் விஷயத்தைச் சொல்லவில்லை. மறைத்ததாகவும் எனக்குத் தோன்றவில்லை. எந்த மணப்பெண்ணும் அப்படி நாடியைத் தூக்கிக்கொண்டு வீட்டில் நடமாடுவதில்லை. அதற்காக ஆல்பத்தைப் பொய் என்று யார் சொல்கிறார்கள்?

கைவசம் இருந்த இன்னொரு பிரதியை மச்சானிடம் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று திரும்பும் வழியில் புவனகிரியில் இறங்கினேன். பாராட்டு வாங்கத்தான் இறங்கினேன் என்று சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

அவன் படத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தான். "சூப்பரா கீது மாமா. என்னா பூ இது?"

"டேய், உன் வேலியில புடிச்சதுடா!"

"எங்க வேலியிலயா? இது கண்வலிப் பூவா?" மறுபடி பார்த்தான். "அது தலய தொங்கப் போட்டுக்கினு இல்ல இருக்கும்? ஏன் மாமா, தூக்கிக் கட்டிட்டியா?"

நான் படத்தைத் திருப்பி வாங்கக் கை நீட்டினேன்.

"கட்டித்தான் வெச்சிருக்க. பொண்ணு பாக்க வந்தாப்புல நிமிந்துக்கினு உக்காந்திருக்கு! அதுவும் இன்னும் பழுக்காத பூவு. நல்லா பழுத்ததுன்னா எதழு எல்லாம் முதுகுப் பக்கமா மேல மடிஞ்சிக்கும், உள்ள இருக்கற நரம்பெல்லாம் கீழ விரிஞ்சி நிக்கும்."

"படத்துக்கு இது நல்லா இருக்குடா."

"படத்துக்கு நல்லா இருக்கு, யாரு இல்லன்னா? போன வாரம் கரும்பு வெட்ட வந்த ஆளுங்க இந்தக் கெழங்க தோண்டி அடுப்புல வைக்கப் போனாங்க. நாந்தான் ஓடிப்போயி, இந்தா பாருங்க, தல தொங்கற பூவு, எல நுனி சுருண்டு வேலியப் புடிச்சிருக்கு, இத எங்க பாத்தாலும் தொடாதீங்கன்னு காட்டுனேன். உன் படத்தக் காட்டியிருந்தா, இது வேற பூவுப்பான்னு வேகவெச்சித் துன்னுட்டுப் போயிருப்பாங்க."

சொல்லிவிட்டு, "காபி சாப்பிடு மாமா, ஜாஸ்தியா யோசிக்காத" என்று உள்ளே போனான்.

நீங்கள் இந்தத் தொழிலில் இருக்கும்வரை இப்படி ஒரு நேரம் ஒருமுறையாவது வரும். படம் தேறிவிட்டது. அதிகாரம் உள்ளவர் கொடுக்கச் சொல்லிவிட்டார். தப்பு உங்கள் ஒருவருக்கு மட்டும் தெரியும். அப்போது ஆயிரம் நியாயம் தோன்றும். எனக்கும் தோன்றியது. வேலியில் நல்ல பூ இல்லை, மழை வரும், சனிக்கிழமை போனால் புத்தகமே போய்விடும், தோற்றால் அந்தப் பக்கம் வெறும் எழுத்தாக நிற்கும். காபியை ஆறவைத்துக் குடித்தேன். அந்தப் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு வேலி ஓரம் நிற்கப்போவது நான் இல்லை, ஒரு மாணவன். அதற்குமேல் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை.

பேராசிரியைக்குப் போன் போட்டேன்.

"மேடம், அந்தப் பூவ நான் நூல் போட்டு நிமித்தினேன். அதுவும் எளம்பூவு."

திட்டு வரும் என்று போனைக் காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்தேன்.

"எத்தன நூல் சார்?"

"ஒண்ணுதான் மேடம். வெள்ள நூலு. நாலு அங்குலம் இருக்கும்."

"தப்பையும் அளவு எடுத்துச் சொல்ற ஆளு நீங்க ஒருத்தர்தான்" என்றார். சிரிக்கிறாரா, கோபமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. "நாளைக்கு ஒரு நாள் இருக்கு. வெள்ளிக்கிழம காலையில நான் வந்துடுவேன். வேற எடுங்க. சீட்டுப் போடணும். பதினாலு வரலன்னா என்னா பண்றதுன்னு அப்புறம் பாப்போம்."

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு வேலி ஓரம் போய் நின்றேன். பழுத்த பூ இரண்டு மிச்சமிருந்தன. ஒன்று நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓர் இதழை உதிர்த்தது. இன்னொன்றை எந்தப் பக்கம் பார்த்தாலும் பின்னால் இலைக்கூட்டம். செம்பருத்திக் கதை மறுபடி நடக்கப் போகிறது என்று தெரிந்தது. மேலே வானம் மட்டும் மழை மேகத்தில் ஒரே சீராக வெளுத்துக் கிடந்தது. அதைப் பின்னணியாக வைக்க ஒரே வழி, பூவுக்குக் கீழே போவது. சேற்றில் சாக்கை விரித்து மல்லாந்து படுத்தேன்.

மச்சான் குடையோடு காற்றை மறைத்துக்கொண்டு நின்றான். "இப்பிடிப் படுத்துக்கினு எந்தக் கல்யாணத்துலயாவது படம் புடிச்சிருக்கியா மாமா?"

"கொடைய ஆட்டாத."

"அக்காவுக்கு இத ஒரு படம் புடிச்சி அனுப்பணும். நல்லா சந்தோசப்படும்."

காற்று நிற்கவே இல்லை. பத்தே முக்காலுக்கு ஒருமுறை, பன்னிரண்டு ஐந்துக்கு ஒருமுறை பூ அசையாமல் நின்றது. இரண்டு முறையும் எடுத்தேன். கை நூலைத் தேடவில்லை. மேலிருந்து கொக்கி போல வளைந்து வரும் காம்பு, முதுகுப் பக்கம் மேலே மடிந்த இதழ்கள், கீழே சக்கரத்தின் ஆரக்கால்கள் மாதிரி விரிந்த மகரந்த நரம்புகள், ஓரத்தில் வேலிக்குச்சியைச் சுற்றிப் பிடித்த இலை நுனி. எல்லாம் வந்திருந்தது. ஓர் இதழில் மழை நைத்த வடுவும் வந்திருந்தது. அழகு என்று பார்த்தால் முந்தைய படத்தின் கால் தூசி பெறாது.

எழுந்ததும் மச்சான், "மொதல்ல கைய கழுவு. அது மேலயே கெடந்திருக்க, அப்பிடியே சோத்துல கைய வெச்சிடாத" என்றான்.

வெள்ளிக்கிழமை பத்தரை மணி. படத்தைக் கரும்பலகையில் குத்திவிட்டு மூலையில் நின்றேன். நாற்பத்தேழு பூக்களுக்கு வராத பதற்றம் அன்று வந்தது. பேராசிரியை ஒவ்வொரு சீட்டாகப் பிரித்து மேசையில் இரண்டு அடுக்காக வைத்தார். சிலந்தி. தொங்கும் விளக்கு. சிலந்தி. நண்டு. சரியான அடுக்கில் பதினொன்று.

மூன்று குறைவு. பேராசிரியை தன் விதியைத் தானே மீறி நான் பார்த்ததில்லை. எருக்கம்பூவுக்குப் பதின்மூன்று வந்தபோதுகூட அசையாதவர். நான் படத்தைக் கழற்றக் கரும்பலகைப் பக்கம் நகர்ந்தேன்.

"இருங்க சார்" என்றவர், பழைய படத்தையும் வாங்கி அதன் பக்கத்தில் குத்தினார். மாணவர்களைப் பார்த்தார். "ரெண்டும் ஒரே வேலியில ஒரே கொடியில எடுத்தது. இத இருவது பேரும் கண்டுபுடிச்சீங்க. அத ஒம்பது பேரு கண்டுபுடிக்கல. ஏன்?"

வகுப்புத் தலைவி எழுந்தாள். "மேடம், நான் செடியில இந்தப் பூவ பாத்ததே இல்ல. எங்க வீட்டு காலண்டர்ல போட்டிருக்கும். அதுல நிமிந்துக்கிட்டுதான் இருக்கும். அத வெச்சிதான் எழுதுனேன்."

"எத்தன பேரு காலண்டர்ல மட்டும் பாத்தவங்க?"

ஒன்பது கைகள் எழுந்தன. அதற்குப் பிறகு, தயங்கித் தயங்கி, இன்னும் இரண்டு.

பேராசிரியை சீட்டுகளை ஒன்றாகச் சேர்த்து ரப்பர் பேண்டு போட்டார். "இத்தன நாளா படம் சரியான்னு பாக்கத்தான் உங்ககிட்ட சீட்டு வாங்குனேன். உங்களுக்குத் தெரிஞ்சதே தப்பா இருந்தா, இருவதுக்கு இருவது வாங்கி என்னா புண்ணியம்?" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "இந்தப் பக்கத்துக்கு மட்டும் பதினொண்ணு போதும் சார். ஒம்பது பேருக்குத் தெரியலங்கறதாலதான் இத போடணும்."

நிமிர்ந்த படத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். "இது நல்லா இருக்கு. ஆனா இத எங்கயும் மாட்டாதீங்க" என்றார். மாட்டவில்லை.

விமர்சனத்துக்குப் பணிந்து போங்கள் என்று உங்களுக்கு எப்போதும் சொல்வேன். ஆனால் பார்ப்பவர்கள் தங்களுக்குத் தெரிந்ததை வைத்துத்தான் படத்தை அளப்பார்கள். பூவைப் பற்றிய முடிவைப் பூவிடம்தான் கேட்க வேண்டும். இந்த வித்தியாசத்தைக் கற்க எனக்கு நாற்பத்தெட்டுப் பூக்கள் தேவைப்பட்டன.

வெள்ளிக்கிழமை மாலையே காந்தள் படத்தைத் திருப்பாதிரிப்புலியூர் அச்சகத்தில் கொடுத்துவிட்டேன். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கடையைத் திறக்காமல் அங்கே போய் நின்றேன். போக வேண்டிய அவசியமே இல்லை. ஏனோ போகத் தோன்றியது. அச்சுக்காரர் அச்சுக்குப் போகும் பக்கங்களில் படங்களை ஒட்டி முடித்திருந்தார். நாற்பத்தெட்டாம் பக்கத்தைப் பார்த்தேன். காந்தளின் காம்பு கீழே இருந்தது. நரம்புகள் மேலே விரிந்திருந்தன. படம் தலைகீழாக ஒட்டப்பட்டிருந்தது.

"அய்யா, இது..."

"கவலப்படாதீங்க. மேல் பக்கம் எதுன்னு காட்டுற அம்புக்குறிய நீங்க மாத்திப் போட்டிருந்தீங்க. நான் பாத்து சரி பண்ணிட்டேன்" என்றார், மிகுந்த திருப்தியோடு.

"இல்லீங்க, அந்தப் பூ அப்பிடித்தான் தொங்கும்."

"தொங்குமா?" கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார். "முப்பது வருசமா அச்சடிக்கிறேன். பூவுக்குக் காம்பு கீழதான் சார் இருக்கும்."

பேராசிரியைக்குப் போன் போட்டுச் சொன்னேன். இந்த முறை சந்தேகமே இல்லை, வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, படத்துக்கு அடியில் போடச் சொல்லி ஒரு வரி சொன்னார். அதை அப்படியே எழுதி அச்சுக்காரரிடம் நீட்டினேன். அவர் சத்தமாக வாசித்தார்.

"'படம் சரியாகவே உள்ளது. பூ இப்படித்தான் தொங்கும்.'"

இன்னொருமுறை மனத்துக்குள் வாசித்தார். பிறகு பிளேடை எடுத்து, ஒட்டியதைப் பொறுமையாக உரித்து, படத்தைத் திருப்பி வைத்து, அடியில் அந்த வரியையும் சேர்த்தார். "இத மொதல்லயே அடியில போட்டிருந்தா நான் எதுக்கு சார் கை வைக்கப் போறேன்?"

மதியம் முதல் தாள் மை காயாமல் வந்தது. அவர் அதை இரண்டு கையாலும் பிடித்து ஒருமுறை தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். திரும்பவும் நேராக்கிப் பார்த்தார். அடியிலிருந்த வரியின் மேல் விரல் படாமல் தாளைக் கீழே வைத்துவிட்டு, இயந்திரத்தை ஓட விட்டார்.